முதனூலுக்கு உரியவர் யார்?

தொகுத்தலும் மொழிபெயர்த்தலும் வழிநூலின் பாற்படும் எனத் தொல்காப்பிய மரபியல் என்றோ வகுத்துவிட்டது. இன்றைய பதிப்புரிமைச் சட்டம் 'வழிவந்த ஆக்கம்' எனப் புதிதாய்க் கண்டதுபோற் கூறுவதும் இதனையே. ஆயின் மலையகத்தின் பாட்டுக்கு முன்னே இச்சட்டம் தடுமாறி நிற்கின்றது.

மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லையின் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றஞ் சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் ஆங்கிலத்தில் யாத்த கவிதையைச் சக்தீ பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். ஈண்டு முதனூலாசிரியரும் வழிநூலாசிரியரும் தெளிவாய் உளர், சிக்கலில்லை. அதே வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலுக்கு முதனூல் யாது? கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்களின் நாவன்றோ! அவர்களைச் சட்டம் அறியாது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிமை ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டு நீடிக்கும். வேலுப்பிள்ளை மறைந்தது 1984இல். எனவே 2054 முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். பேர்ண் உடன்படிக்கை கோருவது 50 ஆண்டே. மிகுதி இருபதும் எழுத்தாளனைக் காக்கும் என்பர். இறந்தவர் இருபதாண்டுக்காக இன்னொரு வரி எழுதுவரோ? தொகுப்பாசிரியர்க்குத் தெரிவிலும் ஒழுங்கமைப்பிலும் மட்டுமே உரிமையுண்டு. பதிப்பாளர் சிலரின் முதற்பக்க எச்சரிக்கையோ பாட்டையும் சேர்த்து வேலியடைக்கின்றது.

நாட்டார் வழக்காற்றுக்கும் அச்சட்டம் காப்பளிக்கின்றதே என்பார் உளர். அளிக்கின்றது, அனுமதி வழங்கும் உரிமை அமைச்சர் குறிக்கும் அதிகாரபீடத்திற்கு, கட்டணம் 'பண்பாட்டு வளர்ச்சிக்கு'. பாட்டியின் ஒப்பாரியை இசைத்தட்டாக்கி விற்க விரும்பும் பேர்த்தியும் அவ்வாயிலிலேயே நிற்றல் வேண்டும். 1948இற் பாட்டியின் குடியுரிமையை மறுத்த அரசு, இன்று அவள் பாட்டுக்கு உரிமைக்காரனாய் அமர்ந்திருக்கின்றது! இதனைக் காப்பு என்றழைக்க நெஞ்சுரம் வேண்டும்.

தொகுப்பாசிரியரின் உழைப்பு மறுக்கற்பாலதன்று. அவரின்றேல் பல பாடல்கள் காற்றோடு போயிருக்கும். அவரது முன்னுரைக்கும் குறிப்புக்கும் வரிசைக்கும் 50 ஆண்டு போதும். பாடலோ எவராலும் அடைக்கப்படாது பொதுவில் நிற்றல் வேண்டும். ஒவ்வொரு பாடலின் கீழும் தோட்டத்தின் பெயரும், பாடியவர் இசைந்தால் அவர் பெயரும் அச்சேறல் வேண்டும். வெளியார் செலுத்தும் கட்டணம் கொழும்புக் கருவூலத்திற்கன்றி அத்தோட்டத்துப் பாடசாலை நூலகத்திற்குச் செல்லல் வேண்டும்.