மலையில் தீ! மேசையில் யார்?

கொழுந்து விட்டெரியும் காடு. குன்றின் சரிவிலே மஞ்சள் சட்டை அணிந்த மறவர்கள், கையிலே கோடரியும் மண்வெட்டியும். வானிலே தாழப் பறந்து செங்குழம்பைக் கொட்டிச் செல்லும் விமானம். அமெரிக்க நாட்டுக் காட்டுத்தீ என்றதும் ஏடுகள் நமக்குக் காட்டும் படம் இதுதான். பொய்ப் படமல்ல, ஆனால் பாதிப் படம்! அந்த இருபது பேரை அந்தச் சரிவுக்கு அனுப்பியது யார்? அந்த விமானம் அடுத்த குன்றுக்குப் போகாமல் இந்தக் குன்றுக்கு வந்தது யார் சொல்லி? மாலையிலே காற்று வெறிகொண்டு வீசும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது யார்? உரைக்கத் தவறினால் ஆவது என்ன?

விடை, தீக்குப் பல கல் தொலைவிலே ஓர் அறையில் இருக்கிறது. அங்கே நாலைந்து திரைகளுக்கு முன்னால், ஓயாத தொலைபேசிக்கும் கரகரக்கும் வயர்லெஸ் கருவிக்கும் நடுவே அமர்ந்திருப்பவர் 'டிஸ்பாட்சர்' - ஆளும் கருவியும் அனுப்பி வைப்பவர். அவருக்குத் துணை 'இன்டெலிஜென்ஸ்' ஒருங்கிணைப்பாளர். பெயரைக் கேட்டு உளவுத்துறை ஒற்றர் என்று எண்ணிவிடாதீர்கள்! இவர் ஒற்றறிவது தீயை. எரிந்த ஏக்கர் எத்தனை, கட்டுக்குள் வந்தது எத்தனை விழுக்காடு, களத்தில் நிற்போர் எத்தனை பேர், ஆபத்திலுள்ள வீடுகள் எத்தனை, காயம் பட்டவர் எவர் - பெருந்தீ ஒவ்வொன்றுக்கும் 209 என்ற எண் கொண்ட படிவம் வரும். அவற்றைச் சரிபார்த்து, பிழை களைந்து, மேலிடத்துக்கு அனுப்பி, நாட்டுக்கே ஓர் அன்றாட அறிக்கையாக்குவது இத்தொழிலார் கடமை. ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம், தூதுக்கு ஓர் அதிகாரம் எனத் தனித்தனியே வகுத்தார் வள்ளுவர். இந்த அறையிலோ இரண்டும் ஒரே மேசையில் நடக்கின்றன.

அமைப்பு மூன்று அடுக்கு. உள்ளூர் நிலையம், வட்டார நிலையம், எல்லாவற்றுக்கும் மேலே ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில் தேசிய நிலையம். 1965-இல் தொடங்கப்பட்ட தீயணைப்பு மையத்தில் அது இயங்குகிறது. வேண்டுகோள் ஒவ்வொன்றும் எழுத்தும் எண்ணும் பெறும்: விமானத்துக்கு 'ஏ', ஆட்குழுவுக்கு 'சி', வண்டிக்கும் பொறிக்கும் 'ஈ', தனி அலுவலர்க்கு 'ஓ', சரக்குக்கு 'எஸ்'. உள்ளூரில் இல்லையெனில் வட்டாரம் தேடும். வட்டாரத்தில் இல்லையெனில் பாய்சி தேடும். அங்கும் இல்லையெனில் கடல் கடந்து ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் கேட்கும். நாட்டின் நெருக்கடியை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு அளக்கிறார்கள். 2021-இல் ஜூலை 14-ஆம் நாளே ஐந்தாம் நிலை வந்துவிட்டது. ஐந்தாம் நிலை என்றால் கேட்போர் பலர், கொடுக்க இருப்பது சிறிது என்று பொருள். நான்கு தீக்கள் ஒரு குழுவைக் கேட்கும். ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மூன்றுக்கு 'இல்லை' என்றாக வேண்டும். எந்தத் தீக்கு முதலிடம் என்று வரிசை குறிப்பது மேலதிகாரிகள் குழு. ஆனால் அக்குழு எதைக் கண்டு குறிக்கும்? அந்த மேசையிலிருந்து சென்ற அறிக்கையைக் கண்டுதான்! அறிக்கையிலே ஓர் எண் பிசகினால் ஆள் போகவேண்டிய இடத்துக்கு ஆள் போகாது.

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே எனக்கு இது எளிதில் விளங்குகிறது. மேடையிலே அரசன் முழங்குவான், அரங்கம் கைதட்டும். பக்கத் திரையின் மறைவிலே ஏட்டைக் கையில் பிடித்து அடி எடுத்துக் கொடுப்பவனை எவரும் காண்பதில்லை. அவன் ஒரு நொடி கண்ணயர்ந்தால் அரசன் ஊமை! நம் தோழர்களுக்கும் இது புதிதல்ல. வாக்குப்பதிவு நாளிலே கட்சி அலுவலகத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சாவடிக்கு ஆள் போயிற்று, எங்கே போகவில்லை என்று துண்டுத்தாளில் குறித்தபடி பகலுணவையே மறந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! மாலை எந்தக் கழுத்தில் விழுந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாடகத்தில் வசனம் தவறினால் சிரிப்பு, தேர்தலில் தவறினால் தோல்வி. மலையிலே தவறினால்?

கொலராடோ மாநிலத்திலே கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்றோர் ஊர். அதனருகே ஸ்டார்ம் கிங் மலை. 1994 ஜூலை 2-ஆம் நாள் அம்மலையில் மின்னல் விழுந்து தீப்பற்றியது. மறுநாள் செய்தி போயிற்று. சொன்னவர்கள் இடத்தைப் பிசகாகச் சொல்ல, அருகிலிருந்த 'சவுத் கேன்யன்' என்ற பள்ளத்தாக்கின் பெயரே அத்தீக்கு நிலைத்துவிட்டது. இன்றளவும் ஏடுகளில் அப்பெயர்தான். அந்த வாரம் வட்டாரமெங்கும் மின்னல் தீ, ஆளோ போதாது. சிறு தீ என்று கருதப்பட்ட இது காத்துக் கிடந்தது. 5-ஆம் நாள்தான் முதல் குழு மலை ஏறியது.

6-ஆம் நாள் பிற்பகல். ஓரகன் மாநிலத்துப் பிரைன்வில்லிலிருந்து வந்த 'ஹாட்ஷாட்' குழுவினர், வான்குடையில் குதித்து வந்தோர், ஹெலிகாப்டர் குழுவினர் என அனைவரும் மேற்குச் சரிவிலே, காம்பெல் கருவாலிப் புதர்களை வெட்டித் தீத்தடுப்புக் கோடு இழுத்துக் கொண்டிருந்தனர். அன்று வறண்ட குளிர்காற்று முகப்பு ஒன்று வந்துகொண்டிருந்தது. அது வரும் என்பது வானிலை அலுவலகத்துக்குத் தெரியும். செங்கொடி எச்சரிக்கையும் விடுத்திருந்தது. (செங்கொடி என்றதும் பொதுவுடைமைத் தோழர்கள் உரிமை கொண்டாட வேண்டாம், காய்ந்த காடும் கடுங்காற்றும் கூடும் நாளுக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அது!) எழுதப்பட்ட எச்சரிக்கை, அலுவலகங்களில் இருந்த எச்சரிக்கை, சரிவிலே வெட்டிக் கொண்டிருந்தோரின் காதுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை!

மூன்றரை மணிக்குள் காற்று வந்தது. நான்கு மணிக்குத் தீ பள்ளத்தைத் தாண்டி அவர்களுக்குக் கீழே பற்றியது. அதன்பின் அவர்களுக்குக் கிடைத்தவை நிமிடங்களே. மேலே முகடு, செங்குத்தான சரிவு, பின்னால் ஓடிவரும் நெருப்பு! பதினால்வர் மாண்டனர். அவர்களில் ஒன்பது பேர் பிரைன்வில் குழுவினர். நால்வர் பெண்கள்.

அரசு அமைத்த ஆய்வுக்குழு பல காரணங்களை அடுக்கியது. கோடு இழுத்த இடம், தப்பும் வழி, மீறப்பட்ட விதிகள் என்று நீண்ட அந்தப் பட்டியலில், வானிலைச் செய்தி களத்துக்குச் சேராததும் ஒன்று. உடனே, மேசையில் இருந்தவரைக் கூண்டில் ஏற்றலாமா? ஏற்றுவது எளிது, அதிகாரத்துக்கு அதுவே வசதியும் ஆகும். நான் ஏற்ற மாட்டேன். பல தீக்களுக்குச் சில காதுகளை வைத்துவிட்டு, 'ஏன் கேட்கவில்லை?' என்று அக்காதுகளையே திருகுவது எந்த நாட்டு நீதி? ஆள் அனுப்புவதுதான் வேலை, செய்தி அனுப்புவது ஓய்வு கிடைத்தால் செய்வது என்று நினைத்த நிர்வாகம் அல்லவோ கூண்டில் ஏற வேண்டும்!

பத்தொன்பது ஆண்டு கழித்து, 2013 ஜூன் 30, அரிசோனாவின் யார்னெல் குன்று. அங்கே கிரானிட் மவுண்டன் குழுவினர் பத்தொன்பது பேர் மாண்டனர். மாலை 4 மணி 4 நிமிடம் முதல் 4 மணி 37 நிமிடம் வரை அக்குழு எங்கே செல்கிறது என்று தெளிவாகச் சொல்லும் செய்தி எதுவும் இல்லை என்றது விசாரணை அறிக்கை. பெரிய விமானமொன்று வானிலே சுற்றிக்கொண்டிருந்தது, குழம்பு நிறைய! எங்கே கொட்டுவது? இருக்குமிடம் தெரிந்தால் அல்லவா!

இவ்வளவுக்குப் பின்னும் அந்நாட்டு அரசு இந்த மேசையை எப்படி மதிக்கிறது? தீயருகே நின்று உழைத்தால் ஊதியத்தில் 25 விழுக்காடு ஆபத்துப் படி உண்டு. தருக! பொறாமையில்லை. உயிரைப் பணயம் வைப்பவனுக்கு அதுவும் குறைவே. ஆனால் மேசைக்கு அந்தப் படி இல்லை. தீ அதைச் சுடாதாம்! 'என் நிலையத்தின் குரல் பிந்தியதால் அவர் திரும்பவில்லையோ' என்ற எண்ணம் ஓர் உள்ளத்தை எத்தனை ஆண்டு சுடும் என்பதை அளக்க எந்தப் படிவமும் இல்லை.

2025 பிப்ரவரியில் அந்நாட்டு வனப்பணித் துறை, தகுதிகாண் பருவத்தில் இருந்த ஏறத்தாழ 2,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 'தீயணைப்போரைத் தொடவில்லை' என்றது அரசு. சொல்லளவில் சரி, பொருளளவில்? துறைக்குள்ளே செவ்வட்டை பெற்றோர் என்று ஒரு கூட்டம் உண்டு. ஆண்டெல்லாம் பாதை செப்பனிடுவார்கள், மரக்கணக்கு எழுதுவார்கள், உயிரினம் ஆய்வார்கள். தீக்காலம் வந்ததும் களத்துக்கும் மேசைக்கும் பண்டசாலைக்கும் ஓடி வருவார்கள். வீட்டுக்குப் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள். மார்ச்சிலே, அவர்களை 45 நாளுக்கு மீண்டும் அமர்த்துக என்று ஆணை பிறந்தது. அதே மார்ச்சில் தீயணைப்போரின் ஊதிய உயர்வு சட்டத்தால் நிலைபெற்றது, நன்று, வாழ்த்துவோம். ஒரு கையால் கொடுத்துக்கொண்டே மறு கையால் பறிப்பதையும் பார்த்து வைப்போம்.

'ஏன் இத்தனை ஆள்? வானிலே துணைக்கோள், மலைமுகட்டில் ஒளிப்படக் கருவி, கணிப்பொறிக்குள் செயற்கை அறிவு; இனி மேசைக்கு மனிதன் எதற்கு?' என்று கேட்கும் மேதைகளும் உண்டு. கருவி வரட்டும், வேண்டாமென்று சொல்ல நாம் பழைமைவாதிகள் அல்லர். துணைக்கோள் தீயைக் காணும். ஆனால் கண்டதைக் கேட்க வேண்டியவர் கேட்டாரா என்று அது கேட்குமா? 'செங்கொடி எச்சரிக்கை! பெற்றீரா?' என்று வயர்லெஸ்ஸில் கூவி, மறுமொழி வராத குழுவை மறுபடி கூவி, அப்போதும் வராவிட்டால் பக்கத்துக் குழுவை ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்வது வேறு வேலை. 1994-இலும் எச்சரிக்கை இருந்தது, தோழர்களே! இல்லாதது அதைக் கேட்டவரின் மறுமொழி.

2025 ஜூன் 12-ஆம் நாள் வெள்ளை மாளிகை ஓர் ஆணை பிறப்பித்தது. உள்துறையிலும் வேளாண்துறையிலும் பிரிந்து கிடக்கும் காட்டுத்தீப் பணிகளை ஒன்றாக்க வேண்டுமென்பது அதன் சாரம். ஒன்றாவதில் தவறில்லை, ஒரே தீக்கு இரண்டு துறையின் கையெழுத்தைத் தேடும் அவலம் குறையக்கூடும். ஆனால் இணைப்பு என்றாலே, எத்தனை மேசை மிச்சம் என்று எண்ணுவதற்கு ஒரு கணக்கப்பிள்ளை கட்டாயம் வருவான். விமானத்தில் அவன் கைவைக்க மாட்டான், அது படத்தில் வருகிறது! இரவுப் பணிக்கு இரண்டு பேர் எதற்கு, ஒருவர் போதாதா என்று அந்த அறையின் வாசலில்தான் வந்து நிற்பான். போதாது என்று அங்குள்ள தொழிற்சங்கத் தோழர்கள் இப்போதே சொல்ல வேண்டும். பணியமர்த்தும் பட்டியலில் அந்த இரண்டாவது பெயரையும், படிப் பட்டியலில் மேசையின் பெயரையும் எழுதி வாங்க வேண்டும், அடுத்த தீக்காலம் தொடங்கு முன்பே.