கிணற்றிற் பங்கு

கோடை விடுமுறை நெருங்கும்போது, "இம்முறை பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிச் செல்வோமா?" என்ற பேச்சு எம்மவர் வீடுகளில் எழுவது வழக்கம். அவ்வாறு எண்ணியிருக்கும் வாசகர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், 2018 ஆம் ஆண்டு ஆவணியில் எமது தாயாரோடும் பிள்ளைகளோடும் மயிலிட்டிக்குச் சென்றுவந்ததை இவ்வாரம் எழுதுகின்றோம்.

மயிலிட்டி எமது தாயார் பிறந்து வளர்ந்த ஊர். 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். அதன்பின் அவ்விடம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 2017 யூலையிலேயே மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. எமது காணியும் அதற்குள் அடங்கியது.

கொழும்பிலிருந்து புகையிரதத்திற் சென்றோம். 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதச் சேவை 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் எட்டியிருந்தது. வழிநெடுக அப்பம்மா வீட்டின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எத்தனை அறை, எங்கே மாமரம், எந்தத் திண்ணையிற் படுத்தால் கடற்காற்று வரும் என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாகிவிட்டன.

போய் இறங்கியபோது வீடு இல்லை, அத்திவாரமும் தெரியவில்லை. ஆளுயரப் பற்றைக்குள் எமது தாயார் முன்னும் பின்னும் நடந்தார். இறுதியில் ஓரிடத்தில் நின்று, "இதுதான்" என்றார். அவர் கண்டது கிணற்றுக் கட்டையும் அதனருகே உடுப்புத் தோய்க்கும் கல்லையும். கிணறு கிடைத்ததும் வீடு நின்ற திசை, வேலி, படலை யாவும் அவருக்குப் பிடிபட்டன.

அது பங்குக் கிணறு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே நிலத்தின் அளவோடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதை வாசகர்கள் அறிவர். எமது உறுதியில் நாலிலொரு பங்கு. ஏனைய பங்குகளில் ஒன்று பாரிசில், ஒன்று ரொறன்ரோவில். நான்காவது பங்குக்காரர் எமது தாயாரின் ஒன்றுவிட்ட தமையனார். முகாமிலும் வாடகை வீட்டிலுமாக 27 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பக்கத்துக் காணியிலே தகரக் கொட்டில் போட்டுக் குடியேறியிருந்தார். பவுசரில் வரும் தண்ணீரையே நம்பியிருந்தார்.

எம்மைக் கண்டு மகிழ்ந்தார், தேநீர் தந்தார். பின்னர் கேட்டார்: "தங்கச்சி, இரண்டு கடிதம் போட்டனான். ஒரு பதிலும் இல்லை. நீங்கள் பாத்திட்டுப் போக வந்தனீங்களோ, கிணத்துக்கு ஒரு முடிவு சொல்ல வந்தனீங்களோ?"

அக்கடிதங்களைப் பற்றி நாம் அப்போதுதான் அறிந்தோம். "வீடில்லை எண்டு எழுதியிருந்தீங்கள் அண்ணை. பதில் போட்டால் அதை நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும்" என்றார் எமது தாயார். மற்றப் பங்குக்காரரின் சொல் இல்லாமல் கிணற்றிற் கைவைக்கக் கூடாதென்று அம்மனிதர் ஓராண்டாகக் காத்திருந்திருக்கிறார். எமக்குத் தலை குனிந்தது.

கிணற்றைக் கலக்கி இறைத்து, மிசின் பூட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். எமது தாயார் இசையவில்லை. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்திலே மழைநீர்தான் உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். துலாவால் மட்டும் இறைத்த காலத்திற்கூட, கோடையில் இத்தனை வாளிதான் என்று தமது தகப்பனார் கணக்கு வைத்திருந்ததை அவர் சொன்னார். பேசி முடித்தார்கள்: கிணறு கலக்கி இறைக்கப்படும், சிறிய மிசின், காலையிற் சிறிது நேரம் மட்டும், தோட்டத்துக்கு இல்லை. எமது பங்குச் சம்மதத்தை அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டார். பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் தொலைபேசியிற் பேசுவது எம்மிடம் விடப்பட்டது.

மாமரத்தையும் திண்ணையையும் தேடி ஏமாந்திருந்த எமது மகள், "அப்பம்மா, நாலிலொரு பங்கு எண்டால் எனக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அவர் கிணற்றுக் கட்டில் இருந்தபடி, பங்குக்காரர் ஒவ்வொருவரையும் அவர்தம் பிள்ளைகளையும் பெயர் சொல்லி விரல்விட்டு எண்ணினார். அதுவரை கேட்டிராத உறவுகளை அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு கிணறு இறைக்கப்பட்டது. செலவை நான்கு பங்குக்காரரும் பகிர்ந்துகொண்டனர்.

வாசகர்களே! ஊருக்குப் புறப்படுமுன் பெட்டியின் அடியிற் கிடக்கும் உறுதியை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அதிலுள்ள பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பதில் எழுதாத கடிதம் ஏதும் உண்டோ என்று பெரியவர்களை மெதுவாகக் கேளுங்கள். நாம் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அங்கே ஒருவர் எமது சொல்லுக்காகத் தண்ணீரின்றிக் காத்திருக்கக்கூடும்.