விபத்தில் காயமடைந்த பயணியின் நட்டஈட்டு உரிமை: எமது நிலைப்பாடு

வாகனத்தை ஓட்டாமல் அதில் பயணம் செய்த ஒருவர் விபத்தில் காயமடைந்தால், அவருக்கு நட்டஈடு கிடைப்பது யாருடைய தயவாலும் அல்ல. அது சட்டம் தந்த உரிமை. அந்த உரிமை என்னவென்று அவர் அறிவதற்கு முன்பே, பொலிஸ் நிலைய வாசலிலும் வைத்தியசாலைக் கட்டிலோரத்திலும் சிறு தொகையொன்றைப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் எமது பிரதேசத்தில் வேரூன்றியிருக்கிறது. அதை நாம் எதிர்க்கிறோம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மக்களுக்குச் சட்ட வழிகாட்டல் வழங்குபவர்கள் என்ற வகையில், பயணிகளின் காப்புறுதி, வாக்குமூல மொழி, உடனடி நிவாரணம் ஆகியவை தொடர்பான எமது நிலைப்பாட்டை இங்கே அறியத்தருகிறோம்.

பின்னணி

மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்திருந்த காலம் 2014இல் பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது. கல்லடியில் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இலேயே புதிய பாலம் வந்துவிட்டது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நகருக்கு வருவது இலகுவானது. வீதிகள் திருத்தப்பட்டன, வாகனங்களும் வேகமும் கூடின. கதிர்காமத்துக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் குடும்பமாக வான் பிடித்து இரவோடு இரவாகப் போவது இன்று சாதாரணம். ஆனால் வானில் ஏறுபவர், அதற்கு என்ன காப்புறுதி இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு.

2023 ஜூலை 9ஆம் திகதி, கதுறுவெலயிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் வந்துகொண்டிருந்த தனியார் பஸ் மன்னம்பிட்டியில் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தது. பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகல் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்துகளின்போது அமைச்சர்கள் வருகிறார்கள், அறிவித்தல்கள் வெளியாகின்றன. ஒரு வானில் இருவரோ ஒரு முச்சக்கர வண்டியில் ஒருவரோ காயப்பட்டால் எந்த அறிவித்தலும் வராது. அவர்களுக்கு மிஞ்சுவது சட்டம் மட்டுமே.

சட்டம் சொல்வது

காயமடைந்தவருக்கான அடிப்படை உரிமை எமது நாட்டின் உரோம–டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது. மற்றவரின் கவனயீனத்தால் ஏற்பட்ட மருத்துவச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், உடல் வேதனை ஆகிய எல்லாவற்றுக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். சாரதி வேலையில் இருந்தபோது விபத்து நடந்திருந்தால் அவருடைய முதலாளியும் பொறுப்பாளியாகலாம். இரு வாகனங்கள் மோதியிருந்தால், இரு தரப்பிலும் தவறு இருக்கும் பட்சத்தில், பயணி இரு தரப்பினர் மீதும் வழக்குத் தொடுக்கலாம். தவறில் யாருக்கு எத்தனை வீதம் என்பதை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. அதே சட்டத்தின்படி காயப்பட்டவரிடமும் தவறு இருந்தால் தொகை குறையும், ஆனால் உரிமை அற்றுப்போகாது. முன் ஆசனத்தில் பட்டி அணியாதவரும் மிதிபலகையில் தொங்கியவரும் இதைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. காப்புறுதி பெற்றவருக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அந்தத் தொகையைக் காப்புறுதி நிறுவனமே செலுத்த வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஏழு நாட்களைத் தவறவிட்டால், வென்ற வழக்கும் வெறும் கடதாசியாகிவிடலாம்.

மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்கள், வீதிப் பாதுகாப்பு பற்றிய தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் கூடுதல் வழியொன்றைத் திறந்திருக்கிறது: உழைப்பாளியை இழந்ததற்கு மட்டுமன்றி, அன்பையும் துணையையும் இழந்ததற்கும் இப்போது நட்டஈடு கோரலாம்.

உரிமை கைநழுவும் இடங்கள்

முதலாவது காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி இத்தகைய வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுத்தாக வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராகப் பொலிஸார் நடத்தும் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் பலர். அது சாரதியைத் தண்டிக்க அரசு நடத்தும் வழக்கு. நட்டஈட்டுக்கான காலம் அதற்காக நின்றுவிடாது.

இரண்டாவது உறவு. எங்கள் ஊர்களில் வாகனம் ஓட்டியவர் பெரும்பாலும் மச்சானாகவோ மருமகனாகவோ அயல்வீட்டுக்காரராகவோ இருப்பார். “மச்சானுக்கு மேல் கேஸ் போடுவதா?” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். பிரதிவாதியாகப் பெயர் வருவது அவருடையதாக இருந்தாலும், காப்புறுதி பொருந்துமிடத்தில் பணம் கொடுப்பது நிறுவனம்தான். அதற்காகத்தான் அவர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வருகிறார். உரிமை கோருவது உறவை முறிப்பதல்ல. சிகிச்சைக்காக நகையை அடகுவைத்து, அந்த மனக்குறையோடு ஒரே முற்றத்தில் வாழ்வதே உறவை அரிக்கும்.

மூன்றாவது மொழியும் தூரமும். பொலன்னறுவை வீதியில் விபத்து நடந்தால் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. வாசிக்கத் தெரியாத பக்கத்தில் தமிழ்ப் பயணி கையெழுத்து வைக்கிறார். பிற்பாடு நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிற்பது அந்தப் பக்கம்தான். மேலும், பிரதிவாதி வசிக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்கைத் தொடுக்க வேண்டியிருப்பதால், தினக்கூலி உழைப்பாளி பொலன்னறுவைக்கு அலைய நேரலாம்.

நான்காவது காப்புறுதியின் ஓட்டை. கூலிக்கு ஆள் ஏற்றும் வாகனமென்றால் பயணிகளுக்கும் காப்புறுதி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சொந்தக் காரிலோ வானிலோ காசு கொடுக்காமல் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உரிமையாளர் விரும்பி மேலதிகக் கட்டணம் செலுத்தினால்தான் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானை ஹயருக்கு விடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது, நிறுவனம் மறுப்பதற்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடுகிறது.

எமது கோரிக்கைகள்

1. எல்லா மோட்டார் வாகனங்களிலும் பயணிக்கான காப்புறுதி கட்டாயமாக்கப்பட வேண்டும். காசு கொடுத்தாரா, உறவினரா என்று பார்த்து எலும்பு முறிவதில்லை. கட்டணம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா உரிமையாளர்களும் சிறிது சிறிதாகப் பகிரக்கூடிய சுமையை இன்று ஒரு குடும்பம் தனித்துச் சுமக்கிறது.

2. தவறு யாருடையது என்று தீர்மானிக்கும்வரை காத்திராமல், கடும் காயமடைந்தவருக்கு இடைக்கால நிவாரணம் வழங்கப்பட வேண்டும். இந்தியாவில் விபத்து நட்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. அங்கே 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், தவறை நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 இலட்சம் இந்திய ரூபாவும் கடும் காயத்துக்கு 2.5 இலட்சம் ரூபாவும் வழங்க இடமளிக்கிறது. இங்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும்.

3. வாக்குமூலம் பயணியின் மொழியிலேயே எழுதப்பட வேண்டும். தமிழும் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் உள்ளது. மன்னம்பிட்டி, வெலிக்கந்தைப் பக்கப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர்கள் இரவிலும் கடமையில் இருக்க வேண்டும்.

4. வைத்தியசாலைக் கட்டிலில் எடுக்கப்படும் சமரசக் கையெழுத்துகளைப் பொலிஸார் ஊக்குவிக்கக் கூடாது. காயத்தின் முழு அளவும் வைத்தியரால் உறுதிப்படுத்தப்படுமுன் செய்யப்படும் இணக்கம் காயப்பட்டவரைக் கட்டுப்படுத்தாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். சமரசத்துக்கு நாம் எதிரானவர்கள் அல்லர், அவசரத்துக்குத்தான் எதிரானவர்கள்.

5. சம்பளச் சீட்டு இல்லாதவரின் உழைப்பையும் மதிப்பிட வேண்டும். வாவியில் வலை வீசுபவர், வயலில் கூலி வேலை செய்பவர், வீட்டில் பாய் இழைப்பவர் ஆகியோருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் சான்றும் போதிய ஆதாரமாக ஏற்கப்பட வேண்டும். சமைத்து, பிள்ளை வளர்த்து, முதியோரைப் பார்க்கும் பெண் முடங்கினால் அந்த வேலைக்கும் விலை உண்டு.

பயணிகளுக்கு

விபத்து நடந்தால் வாகன இலக்கத்தையும், முன் கண்ணாடியில் காணப்படும் காப்புறுதிப் பத்திரத்தின் விவரத்தையும் படமெடுங்கள். பஸ் என்றால் டிக்கட்டைப் பத்திரப்படுத்துங்கள். சிறு காயமென்றாலும் அரச வைத்தியசாலையில் காட்டி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். பொலன்னறுவையில் சேர்க்கப்பட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டிருந்தால் இரு இடத்துப் பத்திரங்களும் தேவை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் இயங்குகிறது.

கிழக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி முதல் இரு கோரிக்கைகளையும் சபையில் முன்வைக்க வேண்டும். பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்கள் யாத்திரைக்கு வாகனம் ஒழுங்கு செய்யும்போது காப்புறுதிப் பத்திரத்தைப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே காயமடைந்திருப்பவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: விபத்து நடந்த திகதியைப் பாருங்கள். இரண்டு வருடம் முடிவதற்கு முன் சட்ட உதவியை நாடுங்கள்.