கரை அணுகும் வேளையிலும் துடுப்பு

ஒரு பணியைத் தொடங்குவோர் பலர். தொடங்கிய ஊக்கம் குன்றாது முடிப்போர் சிலரே. தொடக்கத்திற் புதுமை நம்மை இழுத்துச் செல்கின்றது. இடையிற் பழக்கம் துணைநிற்கின்றது. இறுதிக் காலத்திலோ இவ்விரண்டும் கைவிட, உள்ளம் அடுத்த ஊருக்கு முன்னரே சென்றுவிடுகின்றது. உடல் மட்டும் கடமைக்கு வருகின்றது. அயல்நாட்டிற் சமயப் பணி புரிந்த பெரியோர் இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு கடந்தனர் என நோக்குதல் நமக்குப் பயன்தரும்.

1896ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சுவாமி விவேகானந்தர் இலண்டனில் இருந்தார். தாய்நாடு விட்டு மூன்றாண்டுகளுக்கு மேலாயின. திரும்பும் நாளும் அணுகிற்று. ஆயினும், மாயை முதலிய அரும்பொருள்கள் பற்றிய ஞானயோகச் சொற்பொழிவுகள் பலவற்றை அவர் நிகழ்த்தியது அவ்வாண்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலேயாகும். அத்துடன் அமைந்தாரல்லர். தமக்குப்பின் அங்குப் பணி தொடரும்பொருட்டுச் சுவாமி அபேதானந்தரை வரவழைத்து, ஒக்டோபர் 27ஆம் நாள் சொற்பொழிவாற்றச் செய்தார். டிசம்பர் 16ஆம் நாள் இலண்டனை நீங்கியவர், 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பிற் கரையிறங்கினார். இறுதி மாதங்களை அவர் ஓய்வாக எண்ணாது, விதைப்புக் காலமாகவே கொண்டார் என்பது இதனாற் பெறப்படும்.

திருகோணமலையார்க்கு இன்னும் அண்மையான சான்று சுவாமி விபுலாநந்த அடிகளார். எம்போல் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியிற் பணி புரிந்த அவர், துறவு பூண்டபின், 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். பழந்தமிழ் யாழ்களின் இயல்பைக் கணித அளவைகொண்டு நெடுங்காலம் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல், 1947 ஜூன் 5, 6ஆம் நாள்களிற் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அப்பொழுது அவர்தம் உடல் நலிந்திருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அரங்கேற்றம் முடிந்து நாற்பத்து மூன்றாம் நாள், ஜூலை 19இல், அவர் மறைந்தார். நோயைக் காட்டி அந்நூலை ஓராண்டு ஒத்திவைத்திருப்பின், அரங்கேற்றத்தை அவர் கண்டிருத்தல் இயலாது.

இவ்வரலாறுகளை யாம் ஈண்டு நினைவூட்டுதற்குக் காரணம் உண்டு. திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு ஆசிரியரும் அலுவலரும் வெளியூர்களிலிருந்து வருவதும், இடமாற்றம் பெற்றுச் செல்வதும் வழக்கம். மாற்றக் கட்டளை வரும் என்ற செய்தி பரவிய அன்றே கைகள் தளரின், இழப்பு யாருக்கு? செல்பவர்க்கன்று, பாதி நடந்த பாடத்தோடு புதியவரை எதிர்நோக்கியிருக்கும் மாணவர்க்கே. ஆசிரியருக்கு அது பல தவணைகளுள் இறுதித் தவணை; மாணவனுக்கோ அவ்வகுப்பிற்கு உரிய ஒரே ஆண்டு.

நெடுநாள் உழைத்தவர் சற்றே இளைப்பாறல் ஆகாதோ எனின், ஆகும்; யாம் அதனை மறுக்கவில்லை. குடும்பத்தைப் பிரிந்து வாழ்வோரின் ஏக்கத்தையும் யாம் அறிவோம். ஆனால், ஓய்வு பணி முடிந்தபின் வருவது; பணிக்குள்ளே அதனை ஒளித்துவைத்தல் முறையன்று. இறுதிக் காலத்திற் புதியன பல தொடங்க வேண்டுமென்பதும் எம் கருத்தன்று. எஞ்சிய பாடத்தை நடத்துதல். எந்த மாணவன் எவ்விடத்தில் இடர்ப்படுகின்றான் என்பதை எழுதிவைத்தல். பின்வருபவர் கையில் அக்குறிப்பைச் சேர்த்தல். இம்மூன்றுமே பொழுதை நிறைக்கப் போதுமானவை.

நம் கடற்றொழிலாளர் ஆழ்கடலைக் கடந்து வந்தபின்னும் துடுப்பைக் கைவிடுவதில்லை. தோணியைக் கவிழ்க்கும் அலை கரையோரத்திலும் உண்டென்பது அவர்க்குத் தெரியும். பழைய மாணவர்களுள் ஓய்வை அணுகியிருப்போரும், பிறநாட்டுப் பணி முடித்துத் தாயகம் திரும்பவிருப்போரும் இதனைச் சிந்திப்பாராக. பொறுப்பு மற்றொருவர் கையிற் சேரும்வரை அது நம்முடையதே என்பது எம் துணிபு.