பயிற்சிக் கையேட்டில் இல்லாத தீட்டு

2030ஆம் ஆண்டுக்குள் பசியை ஒழிப்பதாக ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் 2015இல் உறுதி ஏற்றன. அதற்கான வழிகளாகப் பன்னாட்டுக் கூட்டாண்மையும் திறன் வளர்ப்பும் முன்வைக்கப்படுகின்றன. இரண்டும் தென்மாவட்டக் கரிசல் மண்ணுக்குப் புதியவை அல்ல. இளையரசனேந்தலுக்குக் கிழக்கே, கோவில்பட்டியைக் கடந்து வரும் எட்டயபுரத்தில்தான் 1956இல் காமராசரின் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1961 முதல் அமெரிக்காவின் ‘கேர்’ நிறுவனம் அத்திட்டத்துக்குப் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வழங்கியது. உதவி கடல் கடந்து வந்து சேர்ந்தது. அதைச் சமைப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டது.

அதே எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில், 2023 செப்டம்பரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ண மறுத்தனர். கனிமொழி எம்.பி. நேரில் சென்று அவர்களோடு அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. அதற்கு ஓராண்டு முன்பு, மேற்கே சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டித் தலித் சிறுவர்களுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரர் கைதானார். இரு ஊர்களிலும் உணவுக்குப் பஞ்சமில்லை.

இங்குதான் ‘திறன் வளர்ப்பு’ என்னும் சொல்லை உரசிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பான உணவுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, சுத்தம் பேணுதல். கை கழுவுதல், பாத்திரம் துலக்குதல், ஈயும் எலியும் அண்டாமல் காத்தல் என்பன அதன் பொருள். சாதிச் சமூகத்திலோ ‘சுத்தம்’ என்ற சொல்லுக்குக் கிருமியோடு தொடர்பில்லாத இன்னொரு பொருளும் உண்டு. தீட்டு என்று வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவோர் சுத்தத்தின் பின்னால் ஒளிந்துகொள்கின்றனர். பயிற்சி இதைப் பெயர் சொல்லிப் பேசாவிட்டால், எத்தனை சான்றிதழ் பெற்றாலும் தலித் சமையலரின் கை ‘சுத்தமற்றதாகவே’ எண்ணப்படும். பயிற்சி தேவைப்படுவது அவருக்கு மட்டுந்தானா? தட்டைத் தள்ளச் சொல்லும் பெற்றோருக்கும், அதற்குப் பணியும் அலுவலருக்கும் யார் பயிற்சி அளிப்பது? 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சாதி இந்துக்கள் எதிர்த்தபோது இடமாற்றப்பட்டவர் தலித் சமையலர்தான். போராட்டம் வெடித்த பின்னரே அவர் திரும்ப அமர்த்தப்பட்டார்.

இவை அறியாமையால் நேர்ந்தவை அல்ல. மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்றே ஆணையிட்டது. உணவு உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஜான் சீக்லர் 2005இல் இந்தியா வந்து, தலித்துகள்மீதான பாகுபாட்டைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். சுகதேவ் தோரட், ஜோயல் லீ இருவரின் ஆய்வு அதே ஆண்டில் வெளியானது. தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 531 ஊர்களில் திரட்டிய தரவுகள் அதற்கு அடிப்படை. எனினும் பன்னாட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எடையையும் ஊட்டச்சத்தையும் மட்டுமே அளக்கின்றன.

அளக்க வேண்டியவை வேறு. எத்தனை பட்டியல் சாதிச் சமையலர்கள் நியமிக்கப்பட்டனர்? எத்தனை பேர், யாருடைய எதிர்ப்பால், எந்த ஆணையின்படி மாற்றப்பட்டனர்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்களே இவற்றைக் கேட்கலாம். இளையரசனேந்தல் பகுதி, வருவாய்க்குக் கோவில்பட்டி வட்டம், ஊராட்சிக்குக் குருவிகுளம் ஒன்றியம் என நெடுங்காலம் இரு மாவட்டங்களுக்கிடையே பிரிந்து கிடந்தது. ஒரு மாவட்டம் மற்றொன்றைக் கைகாட்டித் தப்பாதிருக்க, அங்கிருந்து எழுதுவோர் தூத்துக்குடிக்கும் தென்காசிக்கும் ஒரே நாளில் மனு அனுப்புவது நல்லது.