காலைப் பறித்தது விபத்தா, சர்க்கரையா?

வீடு திரும்பும் நாளன்று தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுமையாகப் படிப்பவர் மிகச் சிலரே. மாத்திரை விவரத்தையும் மீண்டும் வர வேண்டிய தேதியையும் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் இட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். பெரும்பாலான நோய்களுக்கு அதனால் கேடில்லை. ஆனால் விபத்தில் கையையோ காலையோ இழந்தவரின் குடும்பத்தார் அந்தத் தாளின் முதல் பத்து வரிகளைப் புரிந்துகொள்ளாமல் மருத்துவமனையின் வாயிலைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இக்கருத்து எனக்கு ஒரு குடும்பத்தின் வாயிலாக ஏற்பட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வண்டியில் சென்ற மீன் வியாபாரி ஒருவர் மீது வேன் மோதியது. ஐம்பது வயதைக் கடந்தவர்; சர்க்கரை நோயும் உண்டு. தோல் கிழிந்து, கால் எலும்பு நொறுங்கியிருந்தது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் காலைக் காப்பாற்ற முயன்றார்கள். புண்ணில் சீழ் பிடித்து மேலேறவே, வேறொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அங்கே முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது. அந்த இரண்டாவது மருத்துவமனையின் சம்மரியில் முதல் வரி, ‘சர்க்கரை நோயால் ஏற்பட்ட பாத அழுகல்’ என்றிருந்தது. விபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார். செயற்கைக் கால் பொருத்துவதற்காக எங்களிடம் வந்தபோது அவர் மனைவி கேட்டார்: “ஐயா, வேன் மோதலைன்னா இந்தக் கால் போயிருக்குமா?”

எழுதியவர் பொய் எழுதவில்லை. தம் கண்முன் கண்டதை மட்டும் எழுதினார். குறியீட்டு முறையின் இயல்பே இத்தகைய பிழைக்கு இடம் கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், நாம் கையாளும் பத்தாம் பதிப்பின்படி, விபத்தே காலைத் துண்டித்திருந்தால் ‘எஸ் 88’ என்ற குறியீடு வரும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே என்றால் ‘எஸ் 88.1’. கால் நசுங்கி, பின்னர் அறுவை மருத்துவர் அதனை அகற்ற நேர்ந்தாலோ நோய் என்று பதிவாவது நசுக்கக் காயமோ எலும்பு முறிவோதான். அகற்றியது சிகிச்சை என்ற கட்டத்துக்குள் போய்விடும். காயம் ஆறிய பின் வரும் ‘இசட் 89.5’ என்ற குறியீடு, முழங்காலிலோ அதற்குக் கீழோ கால் இல்லை என்ற செய்தியை மட்டுமே சொல்லும். சாலையில் இழந்தவருக்கும் சர்க்கரையால் இழந்தவருக்கும் அதே எண்தான். நம் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் இயங்கிவரும் மத்திய தொழுநோய் நிலையத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், உணர்ச்சியற்ற பாதத்தில் கவனிக்கப்படாத புண்ணால் காலை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் அதே எண்தான். ஆகவே காரணம் சொற்களால் எழுதப்படாவிட்டால் எங்குமே எஞ்சாது.

சாலை விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று இம்மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆனால் காலின் விதி 48 மணி நேரத்தில் முடிவாவதில்லை. வாரங்கள் கழித்து, பெரும்பாலும் வேறொரு கட்டடத்தில் முடிவாகிறது. எனவே முதல் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் சம்மரியையும் இரண்டாம் மருத்துவமனையின் சேர்க்கை மேசையிலேயே காட்டுங்கள். நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கைவிடாதீர்கள்.

வலமா, இடமா என்பதும் பத்தாம் பதிப்பின் எண்ணில் இல்லை. கட்டைவிரல் துண்டிப்புக்கு ‘எஸ் 68.0’ என்ற எண் உண்டு. எந்தக் கை என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கல் அறுக்கும் இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவருக்கு இது சிறு செய்தியா? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடு என மதிப்பிட்டிருந்தது. உளி பிடிக்கும் கையில் அது போய்விட்டால் 30 விழுக்காட்டுச் சிற்பம் மட்டுமா குறையும்? உடலின் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வேறுபாட்டை எடுத்துரைக்க, என்ன தொழில், எந்தக் கை என்ற இரண்டும் மருத்துவத் தாளில் இருத்தல் நல்லது.

இல்லாத காலில் எரிச்சலும் குத்தலும் உணர்வதைச் சொல்லப் பலர் கூசுகிறார்கள். பைத்தியம் என்பார்களோ என்ற அச்சம். அதற்கும் ‘ஜி 54.6’ என்ற தனிக் குறியீடு உண்டு. உலகெங்கும் காணப்படும் நோய் என்பதனால்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். கூசாமல் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். எழுதப்பட்டால்தான் அடுத்து வரும் மருத்துவர் அதற்கு மருந்து தருவார்.

குறியீடெல்லாம் அலுவலகத்தார் வேலை, நோயாளியைக் குழப்பலாகாது என்று என் சக மருத்துவர் சிலர் கூறுவர். நான் உடன்படவில்லை. எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எந்த மட்டம், எதனால், எந்தத் தேதியில் என்பவை எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள் என்கிறேன். ஒன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சர்க்கரை நோய் உண்மையில் இருந்தால் அதை நீக்கச் சொல்லாதீர்கள். அது உண்மை, உங்கள் மறுகாலைக் காப்பதற்கும் அது தேவை. விபத்துக் காயம் முதலிலும், சர்க்கரை அடுத்தும் வந்தால் போதும்.

பிழை இருந்தால் அன்றைக்கே வார்டில் கேளுங்கள். எழுதிய மருத்துவர் அருகிலேயே இருப்பார். ஐந்து நிமிடத்தில் திருத்திக் கையொப்பமிடுவார். ஆறு மாதம் கழித்து வந்தால், அவர் படிப்பை முடித்து வேறு ஊருக்குச் சென்றிருப்பார். மருத்துவ ஆவணப் பிரிவுக்கு மனு எழுதிவிட்டு, பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்கும் வரை நீங்கள் ஊன்றுகோலுடன் காத்திருக்க நேரும்.