தங்கை தைத்த ஏடு

வம்சாவளி தேடுவது ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு, அது வரலாற்றாய்வு ஆகாது என்று நம் கருத்தரங்குகளில் ஏளனத்தோடு சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்வோர் ஜேன் மீகமின் வாழ்வை எந்த ஆவணத்தைக் கொண்டு எழுதுவார்கள்?

ஜேன், பெஞ்சமின் பிராங்க்ளினின் கடைசித் தங்கை. 1712இல் பாஸ்டனில் பிறந்தார். 15 வயதில் சேணம் செய்யும் எட்வர்ட் மீகமை மணந்தார். பிறந்த பிள்ளைகள் 12. அவர்களுள் 11 பேர் தாய்க்கு முன்பே இறந்தனர். அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டம் மணமான பெண்ணின் சட்ட ஆளுமையைக் கணவனுக்குள் அடக்கிவிட்டது. ஆகவே பத்திரங்களிலும் ஒப்பந்தங்களிலும் அவரைத் தேடுவது பெரும்பாலும் வீண். அவரது தொடக்கக் காலக் கடிதங்களும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது, தாள்களைத் தாமே தைத்து ‘வயதுகளின் ஏடு’ என அவர் பெயரிட்ட சிறு குடும்பப் பதிவேடு.

அதிலுள்ளவை பிறப்பு இறப்புத் தேதிகளே. ஆனால் தேதிகளும் பேசும். முதல் பிள்ளை 1729இல், கடைசிப் பிள்ளை 1751இல். 22 ஆண்டுகள் கருவுறுதலிலும் பாலூட்டலிலும் துக்கத்திலும் கழிந்தன. அதே ஆண்டுகளில்தான் அண்ணன் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்தினார், நூலகம் நிறுவினார், மின்சாரத்தை ஆராய்ந்தார்.

அண்ணனும் வம்சாவளி தேடியவரே. 1758இல் இங்கிலாந்தின் எக்டன் சிற்றூருக்குச் சென்று முன்னோரைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். ஐந்து தலைமுறைகளாக இளைய மகனின் இளைய மகனாகத் தம் வழி வந்ததைத் தன்வரலாற்றில் எழுதினார். அந்நூலில் ஜேனின் பெயர் இல்லை. வாழ்நாள் முழுதும் அவர் கடிதம் எழுதிய தங்கை அவள். அண்ணன் தேடிய வம்சாவளி வரலாற்று மூலம். தங்கை தைத்த வம்சாவளி மட்டும் பொழுதுபோக்கா?

வம்சாவளி ஆர்வலர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். தந்தைபெயரை மட்டும் பற்றிச் செல்லும் குடிவழிப் படத்தில் பெண், ‘இன்னாரின் மனைவி’ என்று முடிந்துபோகிறாள். அந்தப் பழக்கத்தைக் கண்டிப்போம். அதற்காக ஏட்டையே தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது.

ஜேனின் ஏடு இன்று பாஸ்டனில், நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தில் இருக்கிறது. நாம் ஏளனம் செய்யும் ‘பொழுதுபோக்கினர்’ 1845இல் தொடங்கிய அமைப்பு அது. ஜில் லெபோர் அந்த ஏட்டின் பெயரையே சூட்டி 2013இல் ஜேனின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

‘பெண்களைப் பற்றிச் சான்றுகள் இல்லை’ என்று ஆய்வேட்டில் எழுதுமுன், எங்கெங்கே தேடினோம் என்பதையும் எழுதுவோம். குடும்ப ஏட்டைப் புரட்டாதவருக்கு அந்த வாக்கியத்தை எழுத உரிமை இல்லை.